இதர வருமானம்

மார்ச் முப்பத்தொன்று. இரவு ஒன்பதே கால்.
தரைக்குக் கீழே இரண்டாவது தளம்,
ஜெனரேட்டர் அறைக்கும் படுக்கை விரிப்பு துவைக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே
எங்கள் கணக்குப் பிரிவு.
மேலே பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து
ஆம்புலன்ஸ் உள்ளே திரும்பினால்
என் டீ லேசாக நடுங்கும்.

திரையில் ஒரு பட்டியல்:
நோயாளிகள் கட்டிய முன்பணத்தில் மீதி,
மூன்று வருடமாக யாரும் கேட்காதது.
ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பெயர்கள்.
மொத்தம் முப்பத்தொன்பது லட்சம்.

"ஒரே ஒரு பதிவு, தில்லைக்கரசி" என்கிறார்
நிதித் தலைவர் சடகோபன்.
"பொறுப்புல பற்று, இதர வருமானத்துல வரவு.
இருபத்தெட்டு லட்சம் நஷ்டம்
பதினோரு லட்சம் லாபமா மாறும்.
பேங்க்காரன் கடனைப் புதுப்பிப்பான்.
நர்சுங்களுக்கு ஏப்ரல் சம்பளம் வேண்டாமா?"

கெட்டவர் இல்லை அவர்.
டயாலிசிஸ் கட்டணத்தை ஏற்றக்கூடாதென்று
நிர்வாகக் குழுவில் ஒற்றை ஆளாகக் கத்தியவர்.

பற்று.
வரவு.
இருபது வருடமாகத் தட்டச்சும் சொற்கள்.
இன்றைக்குத்தான் காதில் விழுகின்றன:
இனி வராதவர்கள் பெயரில்
ஒரு வரவு.

பட்டியலின் கடைசிப் பத்தி, "வெளியேறிய வகை".
அதைக் கொண்டு அடுக்கிப் பார்த்தேன்.
குணமாகி, குணமாகி, சொந்த விருப்பில்,
பிறகு கீழே கீழே இழுக்க இழுக்க
ஒரே சொல்.
பாதிக்கு மேல்.
உடலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள்
சில்லறை கேட்பதில்லை.

நான்கு எண்களை அழைத்தேன்.
முதலாவது உபயோகத்தில் இல்லை.
இரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது.
மூன்றாவதில் ஒரு பெண்
"பணம் தரீங்களா? அடுத்து ஓடிபி கேப்பீங்க, அதானே"
என்று வைத்துவிட்டாள்.
அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது, தேசிங்கு, காசிமேடு.
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னதும்
சத்தத்தை விட்டு நகர்ந்து வந்து,
தணிந்த குரலில்,

"இன்னும் எவ்ளோமா கட்டணும்?"

நாங்கள்தான் உங்களுக்குத் தரவேண்டும் என்றேன்.
நாலாயிரத்து நூற்றிருபது ரூபாய்.
அவருக்குப் புரியவில்லை.
மறுபடி சொன்னேன். எனக்கே அது
வேறு மொழி போலிருந்தது.

"ரசீது இல்லமா.
அவ துணிமணியோட சேர்த்து
எரிச்சிட்டோம்னு நெனைக்கிறேன்."

மூல ரசீது இன்றிப் பணம் திருப்பித் தரப்படாது:
விதி எண் ஒன்பது.
கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
அடியில் இருப்பது என் கையெழுத்து.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
போன மார்ச்சில் இதே பதிவைப் போட்டவள் நான்.
எழுநூற்றுச் சொச்சம் பெயர்கள், ஒரே சொடுக்கு.
யாரையும் அழைக்கவில்லை. தணிக்கையாளரும்
ஒரு டிக் போட்டுவிட்டு, நெய் பிஸ்கட் நன்றாயிருக்கிறது என்றார்.
அந்த வருட ஊக்கத்தொகையில்
வீட்டுக்கு ஏசி வாங்கினோம்.
நன்றாகத்தான் தூங்கினேன்.

பதினொன்றே முக்கால்.
பதிவுப் பெட்டி திறந்திருக்கிறது.
தொகை தயார். தலைப்பு தயார்.
"விளக்கம்" என்ற கட்டம் மட்டும் காலி.
அது நிரம்பாமல் மென்பொருள் ஏற்காது.
"கோருவோர் இல்லை" என்று அடித்தேன்.
அழித்தேன்.
ஐஸ் உடைபடும் சத்தத்தை
எந்தத் தலைப்பில் எழுதுவது?

பெட்டியை மூடினேன்.
நஷ்டம் நஷ்டமாகவே நிற்கிறது,
அடைப்புக்குறிக்குள் இருபத்தெட்டு லட்சம்,
இரண்டு உள்ளங்கைகள் குவித்துப் பிடித்த மாதிரி.
விதி ஒன்பதைத் திருத்தி ஒரு குறிப்பு,
போன வருடத்து எழுநூறு பேருக்காக
தணிக்கையாளருக்கு ஒரு கடிதம்,
முதல் வரியில் என் பெயர்.

சடகோபன் அழைக்கிறார்.
மேசையில் கைபேசி அதிர்கிறது,
மேலே ஆம்புலன்ஸ் எதுவும் வரவில்லை,
டீ நடுங்குகிறது.